முகம் வேண்டாம், கடைப் பெயர் வேண்டாம்: கொழும்பு நாட்குறிப்பு

திங்கள்

மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ். விடியும் முன்பே வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இறக்கிவிட்டார்கள். முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து பஸ்ஸின் அடித்தட்டிலிருந்து முருங்கைக்காய்க் கட்டுகளும் மாம்பழப் பெட்டிகளும் இறங்கிக்கொண்டிருந்தன. லொட்ஜில் பையை வைத்துவிட்டு, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, 101இல் ஏறிப் புறக்கோட்டை. அங்கிருந்து ஓட்டோவில் கொட்டாஞ்சேனை.

பட்டறை நடப்பது ஒரு மாடி மண்டபத்தில். வாசலில் பதாகை: ‘வசதி குறைந்த பிரதேச இளைஞர்களுக்கான சமூகத் திரைப்படப் பயிற்சி’. தலவாக்கலை, மன்னார், முல்லைத்தீவு, மூதூர் என்று பத்துப் பதினைந்து பேர் வந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் கொழும்பே புதிது. ஒளிப்பதிவு சொல்லித்தருபவர் ஒரு சிங்களப் பெண்மணி; கை தேர்ந்தவர், அரைகுறைத் தமிழைக் கூச்சமில்லாமல் பேசுகிறவர். படத்தொகுப்பும் ஒலியும் என் பொறுப்பு.

பட்டியலில் முகத்துவாரத்துத் தங்கை ஒருத்தியும் இருந்தாள். கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். “நீங்கள் கொழும்புதானே, எப்படி விண்ணப்பித்தீர்கள்?” என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். “எங்கள் தோட்டத்துக்குள் ஒருநாள் வந்து பாருங்கள் மிஸ், பிறகு கேளுங்கள்” என்றாள். கொழும்பில் தோட்டம் என்றால் நெருக்கமான குடிசைக் குடியிருப்பு. வரிசைக் குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்த பிள்ளை. அவளிடம் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். ‘உங்கள் பிரதேசத்தின் பிரதான பிரச்சினை’ என்று ஒரு கட்டம். இந்தக் கட்டத்தை எந்தப் படிவத்தில் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும். வசதியானவர்கள் வாழும் கொழும்பு ஏழில் இருக்கும் பிள்ளை படம் எடுக்கப் பழகினால் அதனிடம் யாரும் பிரச்சினை கேட்பதில்லை. காதல் கதை எடுக்கலாம், பேய்க் கதையும் எடுக்கலாம். பின்தங்கிய ஊர்ப் பிள்ளை மட்டும் கமராவைத் தொடும் முன்பே ஒரு துயரத்தைக் கையில் கொண்டு வர வேண்டும். குடிநீர், வேலையின்மை, போதைப்பொருள் என்று எல்லோரும் பழகிய விடைகளை நிரப்பியிருந்தார்கள். முல்லைத்தீவுத் தங்கை மட்டும் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

கருவிகள்: அவரவர் போன், சட்டையில் குத்தும் சின்ன மைக் சில, ஒரேயொரு முக்காலி. போதும். மாலையில் முதல் பாடம் தானாகவே வந்து சேர்ந்தது. மண்டபத்துக் குழல் விளக்கின் கீழ் எடுத்த எல்லாப் படங்களிலும் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்தன. போன் பழுது என்று மூதூர்த் தம்பி முகம் வாடிவிட்டான். பழுதில்லை. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு ஒரு செக்கனுக்கு 100 தடவை மின்னுகிறது. போன் தன் போக்கில் 60இல் ஒரு பங்கு செக்கனுக்குத் திறந்து மூடுகிறது, இரண்டும் ஒத்துப்போவதில்லை. திறக்கும் நேரத்தை 50இல் ஒரு பங்குக்கு மாற்றியதும் பட்டைகள் மறைந்தன. அவன் உடனே எழுந்துபோய் மற்ற எல்லோருடைய போனிலும் மாற்றிக்கொடுத்தான்.

செவ்வாய்

காலையில் மருதானைக்கு நடை. எதிரே வருகிறவர்களை அவர்கள் சம்மதத்தோடு படம் பிடித்துப் பழகுவதற்கு. டவர் ஹோல், எல்பின்ஸ்டன் போன்ற பழைய அரங்குகள் எல்லாம் இருக்கும் பக்கம் என்பதால் பழைய கதைகள் சொல்ல வசதியாக இருந்தது. இலங்கையின் முதல் சிங்களப் பேசும் படம் 1947 ஜனவரி 21 அன்று கொழும்பு கிரவுன் தியேட்டரில் திரையிடப்பட்டது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். எடுத்த இடம் மதுரை. “அப்படியென்றால் சிங்களப் படத்துக்கும் நாங்கள்தானா?” என்று மன்னார்த் தம்பி கேட்க, சிங்களப் பயிற்சியாளர்தான் முதலில் சிரித்தார். 1963இல் வந்த ‘தோட்டக்காரி’யைப் பற்றிச் சொன்னபோது தலவாக்கலைப் பெண் நின்று கேட்டாள். இங்கே 35 மில்லிமீட்டரில் எடுத்த முதல் தமிழ்ப் படம் தேயிலைத் தோட்டத்துக் கதை. அதைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். எங்கே என்று சொல்வேன்? 1983 ஜூலைத் தமிழர் விரோதக் கலவரத்தில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. தமிழர் எடுத்தவை, சிங்களவர் எடுத்தவை என்று நெருப்பு பிரித்துப் பார்க்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோகோ தீவின் கதை. இந்த மாதிரிப் பட்டறைகளுக்கெல்லாம் மூத்தது அதுதான் என்பது என் கணக்கு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் உள்ள மீனவர் தீவு. சனங்களை அங்கிருந்து எழுப்பி வேறிடத்தில் குடியேற்ற அரசு நினைத்துக்கொண்டிருந்த காலம். 1967இல் கொலின் லோ என்ற இயக்குநர் அங்கே போய், மீனவர்களைப் பேச வைத்து இருபத்தேழு சிறு படங்கள் எடுத்தார். எடுத்ததை முதலில் அந்தச் சனங்களுக்கே போட்டுக் காட்டினார்கள். பேசியவர் வேண்டாம் என்று சொன்னதை வெட்டினார்கள். ஒரு கரை ஊர் பேசியதை மறு கரை ஊர் பார்த்தது. பிறகுதான் அமைச்சர்கள் பார்த்தார்கள். தீவு காலியாகவில்லை, மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். படத்தால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரிசை எனக்கு முக்கியம்: முதலில் ஊர், பிறகு மண்டபம். பட்டறை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். சனிக்கிழமை விருந்தினர் பார்ப்பார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள், படத்தில் இருக்கிறவர் அதைக் கடைசிவரை பார்க்கமாட்டார்.

மீன்பிடி என்றதும் மன்னார்த் தம்பிக்கு ஆயிரம் கேள்விகள். குளிருக்குள் எப்படி வலை இழுப்பார்கள், என்ன மீன், யார் விலை வைப்பது என்று. எனக்குத் தெரிந்தது கொட் மீன் மட்டும்.

மாலை, யார் எதை எடுப்பது என்ற பேச்சு. முல்லைத்தீவுத் தங்கையிடம் ஒருங்கிணைப்பாளர் மெல்லக் கேட்டார்: காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பற்றி எடுக்கலாமே? கேட்டதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம், அடுத்த மாதமே முல்லைத்தீவிலும் கொட்டகை விழுந்தது. அவளும் அதன் பக்கத்தில் வளர்ந்தவள்தான். “அக்கா, எங்கள் ஊரை எடுக்க எல்லோரும் வந்து போய்விட்டார்கள். நான் கொழும்பை எடுக்கிறேன்” என்றாள். எந்த இடம் என்று கேட்டோம். காலிமுகத்திடல். 2022 மே 18 அன்று, அரசுக்கு எதிரான போராட்டக் கூடாரங்களுக்கு நடுவே, அவள் மாவட்டத்து முள்ளிவாய்க்காலில் போரின் கடைசியில் இறந்தவர்களை நினைத்து அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்களாம். அந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

புதன்

புறக்கோட்டை. காலை ஒன்பது மணிக்கே இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் நடக்க முடிகிறது. சுமை தூக்கும் நாட்டாமைகள் துணிப் பொதி ஏற்றிய கைவண்டியோடு “பாரம், பாரம்” என்று கத்திக்கொண்டு வருகிறார்கள். ஒதுங்காதவர் கால் போய்விடும். கோட்டை ரயில் நிலையத்தில் எங்களில் ஒரு குழு போனைத் தூக்கியதுமே அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். நியாயம்தான். வெளியே பாலத்துப் பக்கம் நின்று எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் தலவாக்கலைப் பெண்ணோடு போனேன். அவள் மாமா மகன் இங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். மலையகத்தில் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, இரண்டு மூன்று பிள்ளைகளாவது இப்படிக் கொழும்புக் கடைகளில் இருப்பார்கள். ஆண்பிள்ளைகள் துணிக்கடை, இரும்புக்கடை, சாப்பாட்டுக்கடை. பெண்பிள்ளைகள் வீட்டு வேலை, தையல். தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும்தான் ஊர். படிவத்தில் அவள் எழுதியிருந்த பிரச்சினை ‘தோட்டச் சம்பளம்’. அதை விட்டுவிட்டு, கடைக்குப் போன பையன்களை எடுக்கிறேன் என்று நேற்று இரவு மாற்றிக்கொண்டாள்.

முதலாளி வயதானவர், கண்ணாடியை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். அவள்தான் பேசினாள். “ஐயா, நான் இவருடைய அத்தை மகள். பள்ளிக்கூட வேலை மாதிரி ஒன்று.” கொஞ்ச நேரம் யோசித்தார். “எடுங்கள் பிள்ளை. முகம் வேண்டாம், கடைப் பெயர் வேண்டாம். வியாபாரம் நடக்கும்போது குறுக்கே நிற்க வேண்டாம்.”

முகமும் இல்லை, இடமும் இல்லை என்றால் மிச்சம் என்ன? இதைச் சொல்லி நான் வெளியே இழுத்துவந்துவிடலாம் என்று நினைத்தபோது அவள் மேசையருகே குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

மேசையின் விளிம்பில் ஒரு பித்தளை அளவுகோல் அறையப்பட்டிருக்கிறது. நடுப்பகுதியில் எண்கள் தேய்ந்து அழிந்துவிட்டன, இரு நுனியிலும் மட்டும் தெரிகின்றன. பையன் துணிச் சுருளைத் தட்டி உருட்டுகிறான். இடது கை ஒரு நுனியில், வலது கை மறு நுனியில், இழுத்து வைத்து, விட்டு, மறுபடி இழுத்து. எண்ணுவது வாய் இல்லை, விரல். கடைசி அளவில் பெருவிரல் நகத்தால் ஒரு கீறல். கத்தரிக்கோலால் ஒரே ஒரு வெட்டு. பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரு கிழி. பருத்தித் துணி கிழியும் சத்தத்துக்கு நான் மைக்கை மேசையின் அடியில் ஒட்டிவைத்தேன். மடிப்பதற்கு அவன் துணியைப் பார்ப்பதே இல்லை. வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டே மடிக்கிறான், மூலைகள் பொருந்துகின்றன.

“கொழுந்து எடுக்கும்போது அம்மாவும் இப்படித்தான், கையைப் பார்க்கமாட்டாள்” என்றாள் அவள். இதைப் படத்தில் பேச்சாகச் சேர்க்கச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. பேசாமல் இருந்தேன்.

பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். சம்மாங்கோட்டார் பள்ளி, அந்தச் சிவப்பும் வெள்ளையுமாக வரிபோட்ட பள்ளிவாசல், அதே தெருவில்தான் இருக்கிறது. 1908இல் கட்டத் தொடங்கியது. அவள் பதிவை நிறுத்தவில்லை.

மன்னார்த் தம்பி முகத்துவாரத்துக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தான். படமும் எடுத்திருக்கிறான். மீன் நன்றாக இருந்தது.

வியாழன்

படத்தொகுப்பு நாள். கணினியைத் திறக்கவிடவில்லை. ஒவ்வொரு காட்சியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, தரையில் பரப்பி, முன்பின்னாக மாற்றி அடுக்கச் சொன்னேன். மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது. கொழும்பு வெக்கையில் அது சின்னத் தியாகம் இல்லை. முகத்துவாரத்துத் தங்கை தன் தோட்டத்தின் ஒரே குழாயடியில் காலையிலிருந்து இரவுவரை எடுத்திருந்தாள். துண்டுகளை நேர வரிசையில் அடுக்கிவிட்டுப் பார்த்தாள், பிடிக்கவில்லை. பிறகு வாளிகளின் வரிசைப்படி அடுக்கினாள்: நீல வாளி, பெயின்ட் வாளி, பிடி உடைந்த வாளி. படம் சரியாக அமைந்துவிட்டது. இந்த மாதிரி யோசனை எனக்கு வராது.

எங்கள் பெரிய தலைவலி பாங்குதான். கைகள் துணி அளக்கும் காட்சிகளில் பாதிக்குப் பின்னால் அது ஓடுகிறது. காட்சியை வெட்டினால் பாங்கு நடுவில் துள்ளுகிறது. ஒரு சொல்லிலிருந்து மூன்று சொல் தள்ளிப் போய் விழுகிறது. தொழுகிற எவருக்கும் அது காதில் குத்தும். மூதூர்த் தம்பி தலையில் கைவைத்துவிட்டான். “அண்ணா, இப்படி வெட்டக்கூடாது” என்றான். ஒரே நீளமாகப் பதிவான பாங்கை முழுதாகக் கீழே போட்டு, மேலே படத்தை மட்டும் மாற்றினோம். ஒலி ஓடிக்கொண்டே இருக்கும், கைகள் மாறும். பாங்கு முடியும் இடத்தில் கிழி. அவன்தான் அந்த இடத்தைக் காட்டினான். ஒலித்தொகுப்பில் இதைவிட நல்ல பாடத்தை நான் திட்டம் போட்டும் நடத்தியிருக்க முடியாது.

துணையெழுத்து போடும்போது இன்னொரு கூத்து. இலவசச் செயலி ஒன்று தமிழை உடைத்துவிடுகிறது: ‘கொழுந்து’ என்று அடித்தால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனித்தனியே போய் நிற்கின்றன. சிங்களத்துக்கும் அதே கதி. தமிழும் சிங்களமும் சேர்ந்து பாதிக்கப்பட்ட மகிழ்ச்சியில் இரு பயிற்சியாளர்களும் பிளேன்டி குடித்தோம். கடைசியில் வரிகளை வேறு மென்பொருளில் படமாகச் செய்து ஒட்டினோம். மெதுவான வேலை.

வெள்ளி

தலவாக்கலைப் பெண்ணின் படத்தை மண்டபத்துக்கு முன் கடைப் பையன்கள் பார்த்தாக வேண்டும் என்று காலையிலிருந்து ஒருங்கிணைப்பாளரிடம் நச்சரித்தேன். நேரம் இல்லை, நிரலில் இல்லை என்றார். நிரலை அச்சடித்தவர் அவர்தானே என்றேன். முறைத்துவிட்டு, ஓட்டோக் காசு கொடுத்தார்.

கடை மூடி, பையன்கள் அறைக்கு வர இரவு எட்டரை ஆகிவிட்டது. ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு மாடி அறை. பாய்கள் சுருட்டிச் சுவரோரம், கொடியில் சட்டைகள், ஆணியில் முருகன் கலண்டர். மடிக்கணினியை ஒரு பெட்டி மேல் வைத்தோம். ஐந்தரை நிமிடப் படம். முதல் தடவை யாரும் பேசவில்லை. “திரும்பப் போடு” என்றார்கள். இரண்டாவது தடவை பேச்சை நிறுத்த முடியவில்லை. இது யாருடைய கை, அது யாருடைய கை என்று அடையாளம் பிடிக்கிற விளையாட்டு. நகம் வெட்டாதவன் அகப்பட்டுக்கொண்டான்.

பிறகு அவளுடைய மாமா மகன் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னான். மேசையின் ஓரத்தில் கடையின் பொலித்தீன் பை, அதில் பெயர் பாதி தெரிகிறது. நாங்கள் எத்தனையோ தடவை பார்த்தும் கண்ணில் படாதது. “முதலாளி வார்த்தையை நம்பி விட்டார், அக்கா. இது போகட்டும்.” இன்னொருவன், இரும்புக்கடையில் இருப்பவன், தன் குரலை எடுத்துவிடச் சொன்னான். சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறேன் என்று அவன் சொல்கிற வரி அது. படத்திலேயே பலமான வரி என்று நானே வியாழக்கிழமை பாராட்டியிருந்தேன். “வீட்டில் கேட்டால், மிச்சக் காசு எங்கே என்று கேட்பார்கள்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். உன் படம், நீ முடிவெடு என்றேன். அங்கேயே பாயில் உட்கார்ந்து வரியை எடுத்தாள். அந்த இடத்தில் இப்போது கத்தரிக்கோல் சத்தம் மட்டும். படம் கொஞ்சம் பலவீனமாகிவிட்டது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனாலும் அந்த அறைக்குள் அவள் அடுத்த முறையும் போகலாம். அந்தப் பையன்களில் ஒருவன், நேற்றுவரை ஒதுங்கி நின்றவன், தன்னையும் சேர்க்கச் சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான்.

சனி

மண்டபத் திரையிடல். குத்துவிளக்கு, வரவேற்புரை, உரை, இன்னும் ஓர் உரை. படங்கள் மொத்தமாக ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பேச்சு அதைவிட நீளம். முல்லைத்தீவுத் தங்கையின் படத்தில் காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறவர்கள், இறால் வடைக்காரர், தற்படம் எடுக்கும் சோடிகள். நடுவில் வெறும் புல்தரை மட்டும் அரை நிமிடத்துக்கு மேல். எழுத்தும் இல்லை, விளக்கமும் இல்லை. விருந்தினர் ஒருவர், உங்கள் ஊரைப் பற்றி ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். “எடுத்திருக்கிறேனே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சிங்களப் பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சான்றிதழ்கள் சட்டம் போட்டு வந்திருந்தன. ஒவ்வொன்றும் நல்ல கனம். பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்று மன்னார்த் தம்பி கேட்டான்.

ஞாயிறு

இரவு பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஒருங்கிணைப்பாளரை வெள்ளவத்தையில் பிடித்து, தோசைக்கடையில் உட்கார வைத்துப் பேசினோம், நானும் தலவாக்கலைப் பெண்ணும். அடுத்த பட்டறையில் சட்டம் போட்ட சான்றிதழுக்கான காசை ஊர்த் திரையிடலுக்கு ஒதுக்குங்கள் என்றேன். கணக்காய்வில் சான்றிதழ் காட்டலாம், லயத்து முற்றத்தில் படம் போட்டதை எப்படிக் காட்டுவது என்றார். படம் எடுத்துக் காட்டலாமே என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார். புரொஜெக்டரைத் தருவதாகச் சொன்னார், எழுத்தில் கொடுக்கவில்லை.

தேர்த் திருவிழாவுக்குப் பையன்கள் ஊருக்குப் போகும்போது போடலாம் என்பது அவளுடைய யோசனை. அப்போது கைகளின் சொந்தக்காரர்களும் இருப்பார்கள், தாய்மாரும் இருப்பார்கள். திரைக்கு வேட்டி போதும். மின்சாரம் கோயிலிலிருந்து. தோட்டத்து முகாமையாளரான துரையிடம் அனுமதி வாங்க வேண்டும். நான் நேரே துரைக்கே கடிதம் எழுதலாம் என்றேன். அவள் மறுத்தாள்: முதலில் கோயில் தலைவர், பிறகு கணக்கப்பிள்ளை, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது துரை. அந்த வரிசை பிசகினால் படம் ஓடாது என்கிறாள். கடிதத்தை நான் எழுதி அனுப்புவது, யார் கையில் எப்போது கொடுப்பது என்பதை அவள் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். இரும்புக்கடைப் பையனின் வரி இல்லாத பிரதிதான் போக வேண்டும் என்று பஸ் ஏறும்போது மறுபடியும் சொன்னாள். பழைய பிரதியை அழித்துவிட்டாயா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை இரவே அவன் கண் முன்னால் அழித்துவிட்டாளாம்.